கலம், இழையம்: எங்கள் பிள்ளைகளின் புத்தகத்தில் இருக்கும் இரண்டு சொற்களின் வரலாறு



குண்டசாலை, திகன, மெனிக்ஹின்ன, பலகொல்ல பக்கத்து உறவுகளுக்கும், வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்து இந்தப் பதிவுகளை வாசிக்கும் பழைய மாணவர்களுக்கும் எழுதுகிறோம். இது நீளமான பதிவு. இஷா முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

விஷயம் தொடங்கியது ஒரு சிரிப்பில். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வயதான தாயார் ஒருவருக்குக் கழுத்தில் சின்னக் கட்டி. பார்த்த டொக்டர் பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் விளக்கம் சொல்லி, “டிஷூ கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பவேணும்” என்று ஒரு திகதி கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்த தாயார் கேட்டாராம்: “டிஷூ எடுக்கவா அவ்வளவு தூரம் போக? ஊட்டுலயே ஒரு பொட்டி ஈக்கிதே!”

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். தரம் 11 படிக்கும் பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. “உம்மம்மா, அது பேப்பர் இல்ல. டிஷூண்டா இழையம். ஒடம்புல ஒரே மாதிரிக் கலங்கள் சேர்ந்து ஒரு வேலையச் செய்யிறது.”

அந்தத் தாயார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்ட கேள்வியைத்தான் பேத்தி அடுத்த நாள் பாடசாலைக்குக் கொண்டு வந்தாள். “இழையமா? அப்ப எண்ட ஒடம்புக்குள்ள நூலா ஈக்கி?”

இத்தனை வருடமாக இந்தப் பாடத்தைப் படிப்பித்து வரும் எங்களிடம் எந்த மாணவரும் இப்படிக் கேட்டதில்லை. ஏன் ‘இழை’யம்? ஏன் ‘கலம்’? யார் வைத்த பெயர்கள் இவை? நாங்கள் தேடியதும், ஏற்கனவே தெரிந்ததும், ஒன்றிரண்டு அபிப்பிராயங்களுமாக இதை எழுதுகிறோம்.

முதலில் கலம்.

1665ஆம் ஆண்டு இலண்டனில் ரொபர்ட் ஹூக் என்பவர், தான் நுணுக்குக்காட்டியில் கண்டவற்றைப் பெரிய பெரிய படங்களாக வரைந்து ‘மைக்ரோகிராபியா’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். தெள்ளுப்பூச்சி, ஊசி முனை, பூஞ்சணம் எல்லாம் அதில் உண்டு. போத்தல் மூடிக்குப் பயன்படும் தக்கையை மெல்லியதாகச் சீவிப் பார்த்தபோது உள்ளே சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருக்கக் கண்டார். தேன்கூடு போல இருக்கிறது என்று எழுதிவிட்டு, அந்த அறைகளுக்கு ஆங்கிலத்தில் ‘செல்’ என்று பெயர் சொன்னார். சிறிய அறை என்று பொருள். மடங்களில் துறவிகள் தங்கும் ஒடுக்கமான அறைக்கும் அதே சொல், சிறைக்கூடத்துக்கும் அதே சொல்.

அவர் பார்த்தது இறந்துபோன தக்கை. அறைகள் வெறுமையாக இருந்தன, சுவர்கள்தான் மிச்சம். ஆளில்லாத வீட்டைப் பார்த்துவிட்டு வைத்த பெயர் என்று வகுப்பில் சொல்வோம். உள்ளே என்ன இருக்கிறது, அது என்ன செய்கிறது என்பதெல்லாம் பின்னால் வந்த சங்கதி. ஆனால் பெயர் நின்றுவிட்டது.

மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு ஒரு தகவல். கலத்துக்கு இன்றைய அரபு விஞ்ஞான நூல்களில் உள்ள சொல் ‘கலிய்யா’. அதன் மற்றப் பொருள் தேன்கூடு. ஹூக் சொன்ன பெயரை விட்டுவிட்டு, அவர் சொன்ன உவமையைத்தான் அரபு வைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் சிங்கள நண்பர்களின் பிள்ளைகள் ‘சைலய’ என்று படிக்கிறார்கள். அது ‘செல்’லின் ஓசைக்குக் கிட்ட நிற்கும் சொல். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் ‘செல்’ என்றே இருக்கும், சில இடங்களில் ‘உயிரணு’. தமிழில் செல் என்றால் கறையானும்தான், போ என்பதும்தான், இப்போது கைத்தொலைபேசியும்தான். அதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை.

இலங்கையில் எங்களுக்குக் கிடைத்தது கலம். கலம் என்றால் பாத்திரம். மட்கலம், உண்கலம் என்கிறோமே, அந்தக் கலம். கப்பலும் கலம்தான், மரக்கலம். மரைக்கார் என்ற எங்கள் குடும்பப் பெயர் மரக்கலத்திலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு. சிங்களத்தில் எங்களை ‘மரக்கல’ என்று அழைக்கும் வழக்கமும் இருக்கிறது. சில வாய்களில் அது நல்லதாக ஒலிப்பதில்லை என்பது வேறு கதை. அறை என்பதைவிடப் பாத்திரம் என்பது பொருத்தமான பெயர் என்றே எங்களுக்குப் படுகிறது. அறை வெறுமையாகக் கிடக்கலாம். பாத்திரத்தை எதையாவது ஊற்றி வைப்பதற்காகத்தானே செய்கிறோம்?

அந்தப் பாத்திரத்துக்குள் இருப்பதைத் தரம் 10 புத்தகம் சொல்கிறது. வெளியே மென்சவ்வு, எதை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது என்பது அதன் பொறுப்பு. உள்ளே குழியவுரு. அதில் கரு, கருவுக்குள் நிறமூர்த்தங்கள், பரம்பரைச் செய்தி எல்லாம் அங்கே. இழைமணிகள் உணவிலிருந்து சக்தியை எடுத்துத் தருகின்றன. இறைபோசோம்கள் புரதம் செய்கின்றன. தாவரக் கலமாக இருந்தால் கலச்சுவரும் பச்சையவுருமணியும் பெரிய புன்வெற்றிடமும் கூட. ஒரு வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கலங்கள் இருக்கலாம் என்று அண்மைக்கால மதிப்பீடு ஒன்று சொல்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி செங்குழியங்கள். அவை கருவைக்கூடத் துறந்துவிட்டு, ஒட்சிசன் சுமப்பதற்கே உடம்பு முழுவதையும் கொடுத்துவிட்டு, சுமார் 120 நாளில் முடிந்துபோகின்றன.

இனி இழையம். அந்தத் தாயாரின் கேள்வி இங்கேதான் வருகிறது.

பிரான்சில் சேவியர் பிஷா என்ற இளம் வைத்தியர் இருந்தார். நுணுக்குக்காட்டியில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் காலத்து வில்லைகள் நிறப்பிழையும் மங்கலுமாகப் பொய்த்தோற்றம் காட்டியதால் அவருடைய சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. அவர் கத்தியையும் கண்ணையும் நம்பினார். ஒரே குளிர்காலத்தில் அறுநூறு சடலங்களைப் பரிசோதித்தார் என்று சொல்வார்கள். அவித்தும், உலர்த்தியும், அமிலத்தில் ஊற வைத்தும் பார்த்து, உடலின் உறுப்புகள் வெவ்வேறாகத் தெரிந்தாலும் அவை ஒருசில வகைத் துணிகளால் தைக்கப்பட்டவைதான் என்ற முடிவுக்கு வந்தார். இதயத்திலும் குடலிலும் மூட்டிலும் ஒரே வகைத் துணி திரும்பத் திரும்ப வருகிறது. நோய் பிடிப்பதும் பெரும்பாலும் முழு உறுப்பையும் அல்ல, அந்தத் துணியை. 1801இல் வந்த தன் நூலில் 21 வகைகளை அவர் பட்டியலிட்டார். அடுத்த வருடமே, 30 வயதில், மௌத்தாகிவிட்டார்.

அவர் பயன்படுத்திய பிரெஞ்சுச் சொல் ‘திஸ்ஸு’. நெய்தது, நெசவு என்று பொருள். ஆங்கிலத்தின் ‘டிஷூ’ அதிலிருந்துதான் வந்தது. மெல்லிய துணிக்கு வைத்த பெயரே பின்னால் மெல்லிய கடதாசிக்கும் போனது. ஆக, அந்தத் தாயார் கடதாசிப் பெட்டியைக் காட்டியதும் அவ்வளவு பெரிய பிழை இல்லை. அரபில் இழையம் ‘நஸீஜ்’, அதுவும் நெசவுதான். தமிழில் இழை, இழையம். பிஷாவின் மனதில் இருந்த படம் எங்கள் பிள்ளைகளின் சொல்லுக்குள் அப்படியே இருக்கிறது. “எண்ட ஒடம்புக்குள்ள நூலா ஈக்கி?” என்று கேட்டவருக்கு, “ஆமா உம்மா, இந்தப் பெயரை முதலில் வைத்தவரும் அப்படித்தான் நினைத்தார்” என்று சொல்லி அனுப்பினோம்.

நெசவு என்றதும் எங்கள் பக்கத்து ஹேனவல கிராமத்தை நினைக்காமல் இருக்க முடியாது. தும்பறைப் பாய் நெய்யும் ஊர். ஹன இலையைச் சீவி நார் எடுத்து, சாயம் ஏற்றி, தறியில் நெய்கிறார்கள். வகுப்பில் நாங்கள் இதைத்தான் உதாரணமாகச் சொல்வோம். நார் ஒன்று, அதை நெய்யும் முறை வேறு வேறு. முறை மாறினால் பாயும் மாறும், அதன் பயனும் மாறும். உடலிலும் அப்படித்தான். மேலணியிழையத்தில் கலங்கள் இடைவெளி விடாமல் நெருங்கி நிற்கும், ஏனென்றால் அதன் வேலை மூடிக் காப்பது. தோலின் மேற்பரப்பு, குடலின் உட்பக்கம் எல்லாம் அது. தொடுப்பிழையத்தில் கலங்கள் எட்ட எட்ட இருக்க, நடுவே வேறு பொருள் நிரம்பியிருக்கும். என்பும் கசியிழையமும் குருதியும் அந்த வகையில் சேரும். குருதி இழையமா என்று எல்லா வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். ஆம், அதில் நிரப்பும் பொருள் திரவம், அவ்வளவுதான். தசையிழையம் சுருங்கும், நரம்பிழையம் செய்தி கடத்தும்.

சாயமும் இந்தக் கதையில் உண்டு. எடுத்த இழையத்தை ஆய்வுகூடத்தில் போமலினில் இட்டு, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்பாகச் சீவுவார்கள். அப்படிச் சீவியது கிட்டத்தட்ட நிறமில்லாமல் இருக்கும், ஒன்றும் தெரியாது. அதனால் சாயம் ஏற்றுவார்கள். கருவை நீல ஊதாவாகக் காட்டும் சாயத்தின் பெயர் ஹீமற்றொக்சிலின். அது மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து கிடைப்பது. தும்பறைப் பாய்க்குச் சிவப்பு ஏற்ற இங்கே பதங்கி மரத்தை அவித்தார்கள் அல்லவா? அந்தச் சிவப்பும் இந்த ஊதாவும் இரசாயனத்தில் நெருங்கிய உறவினர். துணிக்குச் சாயம் போட்ட அறிவுதான் ஆய்வுகூடத்துக்கும் போயிருக்கிறது.

பிஷாவுக்குப் பின் நுணுக்குக்காட்டிகள் திருந்தின. 1838இல் ஷ்லைடன் தாவரங்கள் எல்லாம் கலங்களால் ஆனவை என்றார். அடுத்த வருடம் ஷ்வான் விலங்குகளும் அப்படியே என்றார். 1858இல் பேர்லினில் விர்ஹோ, நோய் என்பது கலத்தில் ஏற்படும் மாற்றம் என்று விரிவுரைகளை வெளியிட்டார். அந்தத் தாயாரின் கழுத்துக் கட்டியிலிருந்து ஒரு துளி எடுத்துப் பார்ப்பதன் நியாயம் அந்த விரிவுரைகளில் இருக்கிறது.

இடையில் ஒன்று. இப்படியான பதிவுகளுக்குக் கீழே “இதையெல்லாம் எங்கள் அறிஞர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்” என்று யாராவது எழுதுவது வழக்கம். கலத்தை அவர்கள் காணவில்லை. காண்பதற்கு வில்லை இருக்கவில்லை. அவர்கள் செய்ததே போதுமான பெருமை. 1288இல் கெய்ரோவில் மறைந்த இப்னு அந்நபீஸ், குருதி இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குச் சுவரைத் துளைத்துக்கொண்டு போவதில்லை, நுரையீரல் வழியாகச் சுற்றித்தான் போகிறது என்று, காலன் சொன்னதை மறுத்து எழுதினார். நுரையீரலில் அது கடக்கும் மயிர்த்துளைக்குழாய்களை 1661இல் இத்தாலியில் மல்பிகி நுணுக்குக்காட்டியில் கண்டார். ஒருவர் யோசித்து அறிந்ததை இன்னொருவர் கண்ணால் கண்டார். இருவரையும் மதிப்போம்.

இனி எங்கள் தீவுக்கு வருவோம். இந்தப் பதிவை எழுதக் காரணமே இந்தப் பகுதிதான்.

ஷ்வான் தன் நூலை வெளியிட்டு எட்டு வருடம்தான் கழிந்திருந்தது. 1847இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற ஏறத்தாழ 25 வயது வைத்தியர் அமெரிக்காவின் மசசூசெட்ஸிலிருந்து யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். அமெரிக்க மிஷன் அனுப்பியவர். அடுத்த வருடம் மானிப்பாயில் வைத்தியசாலையோடு வைத்திய வகுப்பையும் தொடங்கினார். கொழும்பில் வைத்தியக் கல்லூரி திறந்தது 1870இல். அதற்கு 22 வருடம் முன்பே இந்த நாட்டில் மேலைத்தேய வைத்தியம் படிப்பிக்கப்பட்டது மானிப்பாயில் என்பது எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. எங்களுக்கே தாமதமாகத்தான் தெரிய வந்தது.

முதலில் அவரும் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். ஆனால் ஒன்றைக் கவனித்தார். ஆங்கிலத்தில் படித்து வெளியேறியவர்கள் நல்ல சம்பளம் உள்ள இடங்களைத் தேடிப் போய்விட்டார்கள். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தார். ஊரில் தங்கி, ஊர் மொழியில் பேசி வைத்தியம் செய்பவர்கள் வேண்டுமென்றால் ஊர் மொழியிலேயே படிப்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, 1860களில் முழு வகுப்பையும் தமிழுக்கு மாற்றினார்.

அதற்குப் புத்தகம் வேண்டுமே? எழுதினார்கள். ‘எழுதினார்’ என்று ஒருமையில் சொல்லக்கூடாது, அவருடைய மாணவர்களும் தமிழ் அறிந்த உதவியாளர்களும் கூடவே உழைத்தார்கள். கட்டரின் உடலியல், சுகாதார நூல் 1850களிலேயே தமிழில் வந்தது. மகப்பேற்று வைத்தியம் வந்தது. சத்திர சிகிச்சை ‘இரணவைத்தியம்’ என்று 1867இல் வந்தது. 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’. அது இலண்டனில் 1858இல் வெளியான கிறேயின் உடற்கூற்று நூல். ஆங்கில நூல் வந்து 14 வருடத்தில் தமிழில்! இன்றைக்கு ஆங்கிலத்தில் வரும் ஒரு வைத்தியப் பாடநூல் 14 வருடத்தில் தமிழுக்கு வரும் என்று எங்களில் யார் எதிர்பார்க்கிறோம்?

பெயர்களைக் கவனியுங்கள். உடற்கூறு ‘அங்காதிபாதம்’, உடற்றொழிலியல் ‘சுகரணம்’, இரசாயனவியல் ‘கெமிஸ்தம்’. ஏற்கனவே வழக்கில் இருந்த வைத்தியச் சொல் கிடைத்தால் எடுத்துக்கொண்டார்கள், வடமொழியிலிருந்து கட்டினார்கள், ஒன்றும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் உடுப்புப் போட்டார்கள். கெமிஸ்தம் என்ற சொல்லைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அப்படித் துணிந்து ஒன்றைச் சொன்னால்தானே அடுத்தவர் அதைவிட நல்லது ஒன்றைச் சொல்வார்.

அவர் மதம் பரப்ப அனுப்பப்பட்டவர் என்பது எங்களுக்குத் தெரியும், அதை மறைத்து எழுதவும் விரும்பவில்லை. தமிழருக்கான வைத்திய ஊழியர் என்ற பொருளில் தன் கல்லறையில் எழுதச் சொன்னவர் அவர். ஆனாலும் 60க்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கிவிட்டு, 1873இல் உடல் தளர்ந்து நாடு திரும்பிய பிறகும் தமிழ்ப் புத்தக வேலையை அவர் விடவில்லை. ‘கெமிஸ்தம்’ 1875இல் வந்தது. ‘மனுஷ சுகரணம்’ 1883இல். 1884இல் இறந்துபோனார். பனி பெய்யும் ஊரில் இருந்துகொண்டு, திரும்பி வரப் போவதில்லை என்று தெரிந்த ஒரு தீவின் மாணவர்களுக்காகக் குடலையும் நரம்பையும் தமிழில் எழுதிக்கொண்டிருந்த அந்த மனிதரை நினைத்தால் ஆசிரியர்களான எங்களுக்கு மனம் என்னவோ செய்கிறது.

அவர் போன பிறகு தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. கொழும்புக் கல்லூரி ஆங்கிலத்தில் நடந்தது. அரசாங்க வேலையும் ஆங்கிலத்தில் இருந்தது. அங்காதிபாதமும் சுகரணமும் நூலகத்து அலுமாரிகளுக்குப் போயின. அவற்றில் ஒரு துண்டு மட்டும் எங்கள் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. கலம் சேர்ந்து இழையம், இழையம் சேர்ந்து அங்கம், அங்கம் சேர்ந்து தொகுதி என்று பிள்ளைகள் பாடமாக்குகிறார்களே, அந்த ‘அங்கம்’ அங்காதிபாதத்தில் இருந்த அதே அங்கம்.

அதே காலத்தில் எங்கள் கண்டியில் என்ன நடந்தது? இங்கே பிறந்த சட்டத்தரணி சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புங்கள், பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னவர். வைத்திய நூல் எதையும் அவர் எழுதவில்லை. ஆனால் மலைநாட்டு முஸ்லிம்கள் உலக விஷயத்தைத் தமிழில் வாசிக்கலாம், தமிழில் வாதாடலாம் என்பதை நிறுவியவர்களில் அவர் முன்னால் நிற்பவர். பின்னொரு காலத்தில் எங்கள் பாடசாலைகள் தமிழ்மொழி மூலம் இயங்கியதற்குப் போட்ட அடித்தளத்தில் அதுவும் ஒரு கல்.

இரண்டாவது முறை சொல் தேடியது இருபதாம் நூற்றாண்டில். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் எங்கள் கிழக்கின் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர். விஞ்ஞானம் படித்தவர், தமிழ்ப் பண்டிதர், இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தது. அந்த முயற்சி 1938இல் ‘கலைச்சொற்கள்’ என்ற தொகுப்பாக வந்தது.

அதன் பின் இலங்கையில் 1950களிலும் 1960களிலும் விஞ்ஞானத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் படிப்பிக்க வேண்டிய நிலை வந்தது. அரசகரும மொழித் திணைக்களம் துறைதுறையாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது, பாடநூல்களை மொழிபெயர்த்தது. அந்த அறைகளில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக உரசிப் பார்த்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எவருக்கும் நினைவில்லை. அவர்கள் மொழிப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த வருடங்களில் இந்த வேலையைச் செய்தார்கள். வெளியே ஊர்வலமும் கலவரமும். உள்ளே குரோமோசோமுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற யோசனை.

என்ன சொன்னார்கள்? நிறமூர்த்தம். கிரேக்கத்தில் குரோமா என்றால் நிறம், சோமா என்றால் உடல். சாயத்தை நன்றாக ஏற்றுக்கொள்வதால் வைத்த பெயர். அதை அப்படியே பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். மைற்றோகொண்ட்ரியாவில் மைற்றோ நூல், கொண்ட்ரியா மணி, ஆக இழைமணி. தாவரத்தில் நீர் கடத்தும் இழையம் காழ். மரத்தின் வைரத்துக்குப் பழந்தமிழ்ச் சொல் அது. உணவு கடத்துவது உரியம், உரிபடும் பட்டைப் பக்கத்தில் இருப்பது. வளரும் நுனியில் பிரிந்துகொண்டே இருக்கும் இழையம் பிரியிழையம். இந்தச் சொற்களைக் கேட்டவுடனேயே பாதிப் பாடம் புரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளை சைலம், புளோயம் என்று படிக்கும்போது அதற்கு இந்த வசதி இல்லை. எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. ‘அகமுதலுருச் சிறுவலை’யை ஒரே மூச்சில் சொல்லி முடித்த மாணவர் எங்களிடம் இன்னும் வரவில்லை.

இப்போது எங்கள் கவலை. பிள்ளைகள் இரவில் யூடியூபில் பாடம் பார்க்கிறார்கள். அங்கே செல், திசு, தமனி, சிரை. காலையில் எங்கள் வகுப்பில் கலம், இழையம், நாடி, நாளம். பரீட்சையில் இரண்டையும் கலந்து எழுதிவிட்டு வந்து கேட்கிறார்கள், “சேர், மாக்ஸ் வெட்டுவாங்களா?” என்று. இன்னொரு பக்கம், பெற்றோர் ஆங்கில மொழி மூலத்துக்கு மாற்றலாமா என்று கேட்கிறார்கள். மகாவலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம். கொஞ்சத் தூரத்தில் பேராதனை, அங்கே 1962 முதல் மருத்துவ பீடம். அங்கே எல்லாம் ஆங்கிலம். எங்கள் பழைய மாணவி ஒருவர் அங்கு நுழைந்த முதல் மாதத்தைப் பற்றிச் சொன்னார்: “சேர், எனக்குத் தெரிஞ்ச எல்லாத்துக்கும் பேர் மாத்திட்டாங்க போல இருந்திச்சு. ஆனா விஷயம் தெரிஞ்சிருந்திச்சு. பேரத் தேடிப் பிடிக்க மூணு மாசம் போச்சு.”

மூன்று மாதம். அதை அந்த மாணவி குறையாகச் சொல்லவில்லை, நாங்களும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் அபிப்பிராயம் இது: ஆங்கிலச் சொல்லையும் பக்கத்திலேயே எழுதிப் படிப்பியுங்கள், தரம் 6இலிருந்தே. தமிழ்ச் சொல்லைக் கைவிடாதீர்கள். ஏனென்றால் வைத்தியராகிறவர் நூற்றில் ஒருவர். மற்ற 99 பேரும் ஒருநாள் நோயாளியாகவோ நோயாளியின் மகனாகவோ மகளாகவோ வைத்தியசாலைக் கதிரையில் உட்காரத்தான் போகிறார்கள். அந்தப் பேத்தி வீட்டில் செய்த வேலை அதுதான். டொக்டர் சொன்னதை உம்மம்மாவுக்கு விளங்கும் மொழியில் சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல் கையில் இருந்தது. கிறீன் 1860களில் யோசித்ததும் இதையே. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே எழுதுங்கள், கோபிக்க மாட்டோம்.

அந்தத் தாயாரைப் பற்றிக் கேட்பீர்கள். முடிவு வந்துவிட்டது. பயப்படும்படி ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கட்டி இருக்கிறது, மருந்து குடிக்கிறார். போன கிழமை பாடசாலைப் பக்கம் வந்தபோது, “எண்ட நூலெல்லாம் நல்லா ஈக்கிதாம், சேர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1960கள், 70களில் படித்தவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலத்து அரசகரும மொழித் திணைக்களச் சொற்றொகுதிகள், பழைய தமிழ்மொழி விஞ்ஞானப் புத்தகங்கள், கைப்பட எழுதிய கொப்பிகள் உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டகத்திலோ இருந்தால் பழைய கடதாசிக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எங்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். வந்து பார்த்துப் படம் எடுத்துவிட்டு, புத்தகத்தை உங்களிடமே திருப்பித் தந்துவிடுவோம். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை.